யோபுவின் ஏரில் பூட்ட முடியாத மிருகம்

கேள்வி இது. தமிழ் பைபிளின் பழைய ஏற்பாட்டில் அங்கங்கே காண்டாமிருகம் வருகிறது. ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸ் பதிப்பை எடுத்தால் அதே வசனங்களில் யூனிகார்ன், அதாவது கதைகளில் வரும் ஒற்றைக் கொம்பு மிருகம், நிற்கிறது. புதிய ஆங்கிலப் பதிப்புகளில் காட்டு மாடு. மூன்றும் ஒரே பிராணியாக இருக்க முடியாதே, எபிரெயத்தில் என்னதான் எழுதியிருக்கிறது, இஸ்ரவேல் தேசத்தில் காண்டாமிருகம் இருந்ததா?

எபிரெயத்தில் இருப்பது ரெஏம் என்ற சொல். ரேஷ், ஆலெஃப், மேம் என்று மூன்றே எழுத்து. எபிரெய பைபிள் முழுவதிலும் 9 முறைதான் வருகிறது: எண்ணாகமத்தில் 2, உபாகமத்தில் 1, யோபுவில் 2, சங்கீதத்தில் 3, ஏசாயாவில் 1. யோபுவிலும் சங்கீதத்திலும் சில இடங்களில் நடுவில் வரும் ஆலெஃப் விழுந்து ரேம் என்றும் எழுதியிருக்கிறார்கள், அதனால் அகராதியில் தேடும்போது குழம்பாதீர்கள், எல்லாம் ஒரே சொல்தான். அது குறிப்பது காட்டு மாட்டை. இன்று விலங்கியலார் ஆராக்ஸ் என்று சொல்லும், பூண்டோடு அழிந்துபோன பெரிய காட்டு மாடு. காண்டாமிருகம் பைபிள் காலத்தில் அந்தத் தேசத்தில் கிடையாது. யூனிகார்ன் எந்தத் தேசத்திலும் கிடையாது.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், முதல் சாட்சி அந்த வசனங்களேதான். உபாகமம் 33:17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மோசே சாகுமுன் கோத்திரங்களை ஆசீர்வதிக்கும் இடம். யோசேப்பைப் பற்றிச் சொல்லும்போது அவனுடைய அலங்காரம் தலையீற்றுக் காளையைப் போல, அவன் கொம்புகள் ரெஏமின் கொம்புகளைப் போல என்று வருகிறது. உடனே அந்தக் கொம்புகள் யார் என்றும் சொல்லிவிடுகிறது: எப்பிராயீமின் பதினாயிரங்கள், மனாசேயின் ஆயிரங்கள். யோசேப்புக்கு இரண்டு பிள்ளைகள், ஆகவே இரண்டு கொம்பு. மூலத்தில் ரெஏம் ஒருமை, கொம்புகள் பன்மை. ஒரே மிருகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கொம்பு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. கிங் ஜேம்ஸ் குழுவினர் இங்கே வசமாக மாட்டிக்கொண்டார்கள். யூனிகார்னின் கொம்புகள் என்று எழுதினால் சிரிப்பார்கள், அதனால் யூனிகார்ன்களின் கொம்புகள் என்று மிருகத்தையும் பன்மையாக்கிவிட்டு, ஓரக்குறிப்பில் மட்டும் எபிரெயத்தில் ஒருமை என்று நேர்மையாகப் போட்டுவைத்தார்கள். அந்த ஓரக்குறிப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஏனென்றால் விஷயம் சரியாக உட்காரவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்து, எபிரெயக் கவிதை ஒரு விஷயத்தை இரண்டு அடியில் ஜோடி ஜோடியாகச் சொல்லும் வழக்கம் உள்ளது. ரெஏமுக்கு ஜோடியாக எது வருகிறது என்று பாருங்கள். உபாகமத்தில் தலையீற்றுக் காளை. சங்கீதம் 29:6-இல் கன்றுக்குட்டி: கர்த்தரின் சத்தம் லீபனோன் மலையைக் கன்றுக்குட்டி போலவும் சீரியோன் மலையை ரெஏம் குட்டி போலவும் துள்ள வைக்கிறது. ஏசாயா 34:7-இல் ஏதோம் தேசத்தில் நடக்கும் சங்காரத்தில் ரெஏம்களோடு காளைகளும் ரிஷபங்களும் சேர்ந்து மடிகின்றன. எங்கே பார்த்தாலும் பக்கத்தில் மாட்டு இனம்தான்.

ஆனால் இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், யோபு 39-தான் அசைக்க முடியாத இடம். தமிழில் காண்டாமிருகம் என்று போட்டதால் நமக்கு உண்மையில் நஷ்டமானதும் அங்கேதான்.

சொத்தையெல்லாம் இழந்து நிற்கும் யோபுவிடம் கடவுள் புயலுக்குள்ளிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். ரெஏம் உன்னிடம் வேலைக்கு இருக்கச் சம்மதிக்குமா, உன் முன்னணை அருகே இராத்தங்குமா, அதைக் கயிறு போட்டு ஏரில் பூட்டுவாயா, அது பரம்படிக்குமா, அதற்குப் பலம் அதிகம் என்பதற்காக உன் வேலையை அதனிடம் விட்டுவிடுவாயா, உன் தானியத்தைக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்புவாயா. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு விவசாயப் பேச்சு நன்றாக வந்திருக்கிறது, முன்னணை, ஏர் பூட்டுதல், பரம்படித்தல் என்று ஒவ்வொரு சொல்லும் வயலிலிருந்து நேராக வந்தது. எபிரெயத்தில் பரம்படிக்கும் இடத்தில் உன் பின்னால் வந்து என்று இருக்கிறது, அதாவது மனிதன் முன்னால் கயிற்றைப் பிடித்துப் போக மாடு பின்னால் இழுத்துக்கொண்டு வரும் காட்சி. இவ்வளவு துல்லியமாக ஒரு உழவுக் காட்சியை அமைத்துவிட்டு நுகத்தடியில் காண்டாமிருகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? யாராவது காண்டாமிருகத்தை ஏரில் பூட்ட நினைப்பார்களா? கேள்விக்கே அர்த்தம் போய்விடுகிறது. பார்த்தால் உழவு மாட்டைப் போலவே இருக்கும், அதைவிட இரண்டு மடங்கு பலம் இருக்கும், ஆனால் ஒருநாளும் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்காது என்று ஒரு மிருகம் இருந்தால்தான் அந்தக் கேள்வி குத்தும்.

இன்னும் ஒரு படி போகலாம். ரெஏமுக்குச் சற்று முன்னால், அதே அதிகாரம் 5-ஆம் வசனத்தில், காட்டுக்கழுதை வருகிறது. அதை யார் அவிழ்த்துவிட்டது, அது பட்டணத்து இரைச்சலைப் பார்த்துச் சிரிக்கிறது, ஓட்டுகிறவனின் கூச்சலை மதிப்பதில்லை என்று வரும். முதலில் காட்டுக்கழுதை, அடுத்து காட்டு மாடு. இப்போது யோபுவின் முதல் அதிகாரத்துக்குத் திரும்பிப் போய் அவனுடைய சொத்துக் கணக்கைப் பாருங்கள்: 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை. முதல் இடி விழும்போது ஓடிவந்த வேலைக்காரன் என்ன சொல்கிறான்? எருதுகள் உழுதுகொண்டிருந்தன, பக்கத்தில் கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்தன, சபேயர் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறான். ஆக, உழவு மாட்டையும் கழுதையையும் பறிகொடுத்த ஒரு பண்ணைக்காரனிடம்தான் காட்டுக்கழுதையையும் காட்டு மாட்டையும் காட்டிப் பேச்சு நடக்கிறது. உன் கட்டுத்தறியில் நின்றவற்றின் உறவுக்காரர்கள் வெளியே திரிகிறார்கள், அவர்கள் உன்னிடம் வேலை பார்க்கவில்லை என்று. இதை எழுதியவர் தெரிந்தே செய்தார் என்றுதான் நான் படிக்கிறேன். காண்டாமிருகம் என்று போட்டவுடன் இந்த இழை அறுந்துவிடுகிறது.

சரி, இது பைபிளுக்குள்ளே இருக்கும் சாட்சி. வெளியே இருக்கும் சாட்சி இன்னும் கெட்டியானது, ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டு வரை மண்ணுக்கடியில் கிடந்தது. எபிரெயத்துக்கு அக்கா முறையான அக்காடிய மொழியில், அதாவது அசீரியரும் பாபிலோனியரும் ஆப்பெழுத்தில் எழுதிய மொழியில், ரீமு என்றால் காட்டுக் காளை. இது ஊகம் இல்லை, சொல்லும் படமும் சேர்ந்தே கிடைக்கின்றன. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அசீரிய அரசன் இரண்டாம் அஷூர்நாசிர்பால், தான் 450 சிங்கங்களையும் 390 காட்டுக் காளைகளையும் கொன்றதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அரசர்கள் சொல்லும் எண்ணிக்கையை எவ்வளவு நம்புவது என்பது வேறு கதை. நிம்ரூதில் அவன் அரண்மனைச் சுவரிலிருந்து எடுத்த சிற்பப் பலகை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேரில் நிற்கும் அரசன் பின்பக்கம் திரும்பி, பாய்ந்து வரும் காளையின் கொம்பை ஒரு கையால் பிடித்து, மறுகையால் கழுத்தில் கத்தியைச் செருகுகிறான். கில்காமேஷ் என்ற பழைய மெசொப்பொத்தாமியக் காவியத்தில் நாயகனின் தாய்க்கே காட்டுப்பசு நின்சுன் என்றுதான் பட்டம், அங்கேயும் ரீமுவின் பெண்பால்தான் வருகிறது. சிரியாக் கடற்கரையில் உகாரித் நகரத்தின் களிமண் பலகைகளில் பாகால் தெய்வத்துக்கு ஒரு காட்டுக் கன்று பிறந்ததைப் பாடும் பாட்டு ஒன்று உண்டு, அதிலும் இதே மூன்று மெய்யெழுத்துகள். பலத்தைச் சொல்ல அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் கைக்கு வந்த உவமை இந்த மிருகம்தான். அதனால்தான் மோவாப் அரசன் கூலி கொடுத்துச் சபிக்கக் கூப்பிட்ட பிலேயாமும், சபிக்க வாய் திறந்து ஆசீர்வாதம் சொல்லும்போது ரெஏமின் பெலன் என்கிறான்.

மிருகத்தைப் பற்றியும் கொஞ்சம். ஆண் ஆராக்ஸ் தோள் உயரமே 180 சென்டிமீட்டர் வரை வரும், ஆளுயரத்துக்கு மேல். கொம்பு முன்னோக்கி வளைந்து உள்ளே திரும்பும். ஜூலியஸ் சீசர் ஜெர்மானியக் காடுகளில் இருந்த இதே இனத்தைப் பற்றித் தன் கால்லியப் போர்க் குறிப்பில் எழுதுகிறார்: யானையைவிடச் சற்றே சிறியது, உருவமும் நிறமும் காளை, மனிதனையும் மிருகத்தையும் கண்டால் விடாது, குட்டியிலேயே பிடித்தாலும் பழக்க முடியாது. அந்தக் கடைசி வரியை யோபு 39-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் படித்திருக்க வழியில்லை, ஒரே மாட்டைப் பார்த்திருக்கிறார்கள். எகிப்தில் மூன்றாம் ராம்சேஸ் இதை வேட்டையாடும் காட்சி மெதினெத் ஹாபு கோயில் சுவரில் இருக்கிறது. கடைசி ஆராக்ஸ், ஒரு பசு, 1627-இல் போலந்தில் யாக்டோரோவ் காட்டில் செத்தது. ஆனால் பழக்க முடியாத இந்த இனத்தை ஒரு காலத்தில் யாரோ பழக்கித்தான் இருக்கிறார்கள், சுமார் 10,000 வருடங்களுக்கு முன் மேற்காசியாவில் பழக்கிய ஆராக்ஸிலிருந்துதான் திமில் இல்லாத மாடுகள் எல்லாம் வந்தன. நம் ஊர்த் திமில் மாடுகள் சிந்துவெளிப் பக்கம் தனியாகப் பழக்கப்பட்ட இந்திய ஆராக்ஸின் வழி.

அப்படியென்றால் ஒற்றைக் கொம்பு எங்கிருந்து முளைத்தது? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கி அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், செப்துவஜிந்த் என்பார்கள். அதில் ரெஏம் வரும் இடங்களில் மோனோகெரோஸ், அதாவது ஒற்றைக்கொம்பன் என்று போட்டார்கள், ஏசாயாவில் மட்டும் அதைத் தவிர்த்துக் கொழுத்தவர்கள் என்ற மாதிரி ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிவிட்டார்கள். ஏன் என்பதற்கு அவர்கள் குறிப்பு எதுவும் விட்டுவைக்கவில்லை. அதற்கு 100, 150 வருடம் முன்பே கிதேசியஸ் என்ற கிரேக்க வைத்தியர், பாரசீக அரசவையில் இருந்தவர், இந்தியாவில் நெற்றியில் ஒரே கொம்புள்ள காட்டுக்கழுதை இருக்கிறது, அந்தக் கொம்பில் குடித்தால் விஷம் ஏறாது என்று எழுதி வைத்திருந்தார். அது நம் இந்தியக் காண்டாமிருகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட செய்தி திரிந்து போனதாக இருக்கலாம். ஆக, படித்த கிரேக்கனுக்கு ஒற்றைக்கொம்பன் என்பது பலம் மிக்க, பிடிபடாத, நிஜமான ஒரு மிருகம். மொழிபெயர்த்தவர்கள் பார்த்தறியாத ஒரு மிருகத்துக்குப் பிடிபடாத இன்னொன்றை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஊகமும் சொல்வார்கள். மெசொப்பொத்தாமியச் சிற்பங்களில் காளையைப் பக்கவாட்டில் செதுக்குவார்கள், ஒரு கொம்பு மற்றொன்றை மறைத்துவிடும், பார்ப்பவனுக்கு ஒரே கொம்பு. இரண்டாம் நேபுகாத்நேச்சார் கட்டிய பாபிலோன் இஷ்தார் வாசலில், இப்போது பெர்லினில் இருப்பது, நீல மெருகுச் செங்கல்லில் வரிசை வரிசையாக அப்படித்தான் காளைகள் நடந்துபோகின்றன, அரசனின் கல்வெட்டு அவற்றை ரீமு என்றே சொல்கிறது. எருசலேமை இடித்து மக்களைப் பிடித்துப்போன அதே அரசன். ஊகம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு நடந்தது எகிப்தில் என்பதால் எனக்கு முழுசாக ஒட்டவில்லை.

அதன் பிறகு சங்கிலிதான். பைபிளை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோனிமுஸ் எண்ணாகமம், உபாகமம், யோபுவில் காண்டாமிருகம் என்றும் ஏசாயாவில் யூனிகார்ன் என்றும் மாற்றி மாற்றிப் போட்டார். லூத்தர் ஜெர்மனில் யூனிகார்ன், 1611-இல் கிங் ஜேம்ஸ் யூனிகார்ன். இந்தியாவில் மொழிபெயர்த்தவர்களுக்கு யூனிகார்ன் என்றால் மக்களுக்குப் புரியாது, ஒற்றைக் கொம்போடு நிஜமாக இருக்கும் மிருகம் காண்டாமிருகம், லத்தீன் பைபிளின் துணையும் உண்டு, போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாம் இன்று பழைய திருப்புதல் என்று படிப்பது பெரும்பாலும் ஹென்றி பவர் குழு 1871-இல் வெளியிட்டது. அக்காடிய எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டோம் என்று அறிஞர்கள் ஊருக்கு நிரூபித்ததே 1857-இல்தான். ஆங்கிலத்திலேயே திருத்திய பதிப்பு 1885-இல்தான் காட்டு மாடு என்று மாற்றியது. தமிழுக்குக் கொஞ்சம் தாமதமாக மொழிபெயர்த்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

என்னைக் கேட்டால் தமிழில் இதற்கு அருமையான சொல் முன்பே இருந்தது, ஆமான். சங்கப் பாட்டில் காட்டுப்பசுவுக்கு அதுதான் பெயர். குறுந்தொகை 322-இல், கானவர் விரட்டியதில் கூட்டத்தைப் பிரிந்த ஆமான் கன்று ஒன்று காட்டோரச் சிற்றூருக்குள் வந்துவிடும், அங்கே இளையவர்கள் வளர்க்க, அதுவும் பழகி வீட்டு வாழ்க்கையை விரும்பி ஏற்றுக்கொள்ளும். யோபுவின் ரெஏம் எதைச் செய்யாது என்று கடவுள் சொல்கிறாரோ அதையே இந்தக் கன்று செய்துவிடுகிறது. இன்றைய பேச்சில் காட்டுமாடு என்று போட்டாலே போதும், மலைப்பக்கம் போனவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கொடைக்கானலில் ரோட்டோரம் நிற்கும் காட்டுமாடு ஆராக்ஸ் இல்லை, அது வேறு இனம், ஆனால் ஏரில் பூட்டுவாயா என்ற கேள்வியை அதன் எதிரில் நின்று படித்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

யூத மரபு என்ன சொன்னது என்றும் கேட்பீர்கள். மிருகம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு ரபிமார்களின், அதாவது யூத வேத ஆசிரியர்களின், கையில் அது வளர ஆரம்பித்தது. பிறந்து ஒரே நாளான ரெஏம் குட்டியைப் பார்த்தேன், தாபோர் மலை அளவு இருந்தது, அது போட்ட சாணியில் யோர்தான் ஆறு அடைத்துக்கொண்டது என்று தல்மூது என்ற யூத மரபு நூலில் ராப்பா பார் பார் ஹானா என்ற ரபி அளந்துவிடுகிறார். அப்படியானால் நோவாவின் பேழைக்குள் எப்படி ஏறியது என்று அடுத்த சண்டை. மூக்கு நுனியை மட்டும் உள்ளே விட்டது என்று ஒரு கட்சி, பேழைக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போனார், அது வெள்ளத்தின் அடியில் உழுதுகொண்டே வந்தது என்று இன்னொரு கட்சி. கடைசியில் அதை உழ வைத்துவிட்டார்கள் பாருங்கள். தாவீது தூங்கும் ரெஏமை மலை என்று நினைத்து ஏறிவிட்டதாகவும், அது எழுந்து நிற்க வானத்தளவு உயரத்தில் மாட்டிக்கொண்டதாகவும் சங்கீதத்துக்கான மித்ராஷ் என்ற யூத விளக்க நூலில் ஒரு கதை உண்டு. கடவுள் ஒரு சிங்கத்தை அனுப்ப, ரெஏம் பயந்து மண்டியிட, தாவீது இறங்கினான். அப்புறம் சிங்கத்திடமிருந்து தப்ப ஒரு மான் வரவேண்டியிருந்தது. சங்கீதம் 22:21-இல் சிங்கத்தின் வாயும் ரெஏமின் கொம்புகளும் ஒரே வசனத்தில் வருகிறதல்லவா, அதற்குத்தான் இவ்வளவு கதையும்.

பைபிளில் யூனிகார்ன் என்று கேலி செய்கிறவர்களும், அதற்குப் பதிலாக எலாஸ்மோதேரியம் என்ற பழங்காலச் சைபீரியக் காண்டாமிருகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும், இரண்டு பக்கமும் எபிரெயத்தைத் திறந்து பார்க்காமல்தான் மல்லுக்கட்டுகிறார்கள். விடுங்கள்.

ஒரே ஒரு போட்டியாளரை மட்டும் மரியாதையாகக் கேட்க வேண்டும், ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான். 1663-இல் சாமுவேல் போஷார் என்ற பிரெஞ்சு அறிஞர், அரபியில் ரிஃம் என்றால் வெண்ணிற மானினம், ஆகவே ரெஏமும் அதுதான் என்று வாதாடினார். நீண்டு நேராக நிற்கும் அதன் கொம்பு, சங்கீதம் 92:10-இல் என் கொம்பை ரெஏமின் கொம்பு போல உயர்த்துவீர் என்பதற்கு நன்றாகவே பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மீட்டர் உயரம், 70 கிலோ சொச்சம் எடை உள்ள ஒரு மானை வைத்துக்கொண்டு அதன் பலத்தை நம்பி உழவு வேலையை விடுவாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். காட்டு மாடு இல்லாத பாலைவனத்தில் பழைய பெயர் அங்கிருந்த வேறொரு கொம்புள்ள பிராணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எளிய விளக்கம்.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்றைய இஸ்ரேலில் ரெஏம் என்று கேட்டால் இந்த வெள்ளை ஓரிக்ஸைத்தான் காட்டுவார்கள், நவீன எபிரெயத்தில் அதன் அதிகாரப்பூர்வப் பெயரே ரெஏம் லாவான், வெள்ளை ரெஏம். யோத்வாத்தா சரணாலயத்தில் வளர்த்து நெகேவ் பாலைவனத்தில் திரும்ப விட்டிருக்கிறார்கள். ஆராக்ஸை அவர்கள் ஷோர் ஹபார், காட்டு எருது என்கிறார்கள். அதனால் இணையத்தில் எபிரெய எழுத்தில் ரெஏம் என்று தேடி வெள்ளை மான் படங்கள் வந்தால், அதை யோபு 39-க்குப் படமாக எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஷோர் ஹபார் என்று தேடுங்கள்.